நாமா, நாங்களா?

2024 மார்ச்சில் புவியியலாளர்களின் ஒரு சிறு குழு ஓட்டுப் போட்டது. மனிதர்களின் செயலால் பூமி ஒரு புதிய யுகத்துக்குள் போய்விட்டது என்று, பூமியின் வரலாற்றைப் பகுத்து வைத்திருக்கும் அதிகாரபூர்வக் கால அட்டவணையில் எழுதலாமா என்பது கேள்வி. 4 பேர் எழுதலாம் என்றார்கள். 12 பேர் வேண்டாம் என்றார்கள். ஓட்டெடுப்பு நடந்த முறையே சரியில்லை என்று குழுவின் தலைவர் ஆட்சேபித்தார். ஆனாலும் அதே மாதம் சர்வதேசப் புவியியல் அறிவியல் ஒன்றியம் முடிவை உறுதிசெய்துவிட்டது. 'ஆந்த்ரோபோசீன்' என்றும் 'மானுட யுகம்' என்றும் நம் கட்டுரைகளில் தாராளமாகப் புழங்கும் சொல், பாறைகளின் காலண்டரில் ஏறவில்லை.

செய்தியைப் படித்த நண்பர் ஒருவர் கொதித்துப்போனார். "இவ்வளவு நாசம் பண்ணியிருக்கோம், அதை ஒத்துக்கக்கூட மாட்டாங்களாமா?" என்றார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. பண்ணியிருக்கோம். சரி, யாரு?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 2000இல் மெக்சிகோவில் நடந்த ஓர் அறிவியல் கூட்டத்தில், எல்லோரும் 'ஹோலோசீன்' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பனிக்காலம் முடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 11,700 ஆண்டுக்கால யுகத்தின் பெயர் அது. ஓசோன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற பால் க்ருட்ஸன் பொறுமையிழந்து குறுக்கிட்டு, நாம் இருப்பது ஆந்த்ரோபோசீனில் என்றார். சொல் பற்றிக்கொண்டது. 2009இல் அதற்கென்று ஓர் ஆய்வுக்குழு அமைந்தது.

ஆனால் புவியியலில் ஒரு யுகத்தை அறிவிக்க நல்ல சொல் மட்டும் போதாது. உலகில் ஏதாவது ஓரிடத்தில், ஏதாவது ஓர் அடுக்கில், 'இங்கிருந்துதான்' என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதைத் 'தங்க ஆணி' என்பார்கள். 2023 ஜூலையில், பிரான்ஸின் லில் நகரில் பாறைப்படிவியல் மாநாடு தொடங்கிய நாளில், அந்த இடம் அறிவிக்கப்பட்டது. அதே வாரம் அதே நாட்டின் லியோன் நகரில் புவிவேதியியலாளர்கள் ஆண்டுதோறும் கூடும் கோல்ட்ஷ்மிட் மாநாடும் நடந்துகொண்டிருந்தது. மண்ணையும் நீரையும் அணு அணுவாக எண்ணுகிறவர்கள் அவர்கள். ஆணி அடிக்கப் பாறைப்படிவியலாளர்கள் நம்பியிருந்ததும் அந்தக் கணக்கைத்தான்.

தேர்ந்தெடுத்த இடம் கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் கிராஃபோர்ட் ஏரி. சின்ன ஏரி, ஆனால் ஆழம். அடிநீரும் மேல்நீரும் கலப்பதில்லை. அதனால் கோடையில் வெளிர்நிறமாகவும் மற்ற காலத்தில் கருமையாகவும் வண்டல் கலையாமல் படிகிறது. மரத்தின் வளையம் மாதிரி ஆண்டுகளை எண்ணலாம். 1950களின் தொடக்க அடுக்குகளில் புளூட்டோனியம் எகிறுகிறது. நிலக்கரியும் எண்ணெயும் கடும் வெப்பத்தில் எரியும்போது மட்டுமே உருவாகும் நுண்சாம்பல் உருண்டைகளும் அப்படியே. கீழே, பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் மக்காச்சோள மகரந்தம் கிடைக்கிறது. அந்தக் கரையில் நீண்ட வீடுகள் கட்டி, பயிர் செய்து வாழ்ந்த பூர்வகுடிகளின் தடயம் அது. அவர்களும் காட்டைத் திருத்தினார்கள். ஏரி அவர்களையும் குறித்து வைத்திருக்கிறது.

வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்களின் தரப்புக் காரணங்கள் அற்பமானவை அல்ல. எழுபது ஆண்டு என்பது புவியியலில் கண்ணிமைக்கும் நேரம். உழவும் காடழிப்பும் காலனியமும் ஆலைகளும் வந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு 1952இல் கோடு போடுவது எப்படி நியாயம்? யுகம் என்று சொல்லாமல், நீண்டு நடந்துகொண்டிருக்கும் 'நிகழ்வு' என்று சொல்லலாமே என்றார்கள். ஆனால் இந்த விவாதம் பெரும்பாலும் 'எப்போது' என்பதைப் பற்றியது. என்னைப் பிடித்துக்கொண்டது 'யார்' என்பது.

கால அட்டவணையில் உள்ள பெயர்கள் பலவும் இடப்பெயர்கள். ஜுராசிக் என்பது ஜுரா மலை, டெவோனியன் என்பது டெவன் வட்டாரம். நாம் இப்போது வாழும் உட்பிரிவின் பெயர் என்ன தெரியுமா? மேகாலயன். 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெரும் வறட்சியின் தடயத்தை மேகாலயாவின் மவ்ம்லூ குகையில் உள்ள ஒரு சுண்ணக்கூம்பில் கண்டு, 2018இல் வைத்த பெயர். மேகாலயா மக்கள் அந்த வறட்சிக்குப் பொறுப்பு என்று யாரும் நினைப்பதில்லை. ஆந்த்ரோபோசீன் அப்படியில்லை. 'ஆந்த்ரோபோஸ்' என்றால் மனிதர். தடயம் கிடைத்த இடத்தின் பெயரை விட்டுவிட்டு, செய்தவரின் பெயரை வைக்கப் பார்த்தார்கள். செய்தவரின் பெயரை எழுதும்போது அது வெறும் அறிவியல் குறிப்பாக இருக்க முடியாது. குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது.

இங்கேதான் தமிழ் எனக்கு உதவியது. நம் மொழியில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. வீட்டுக்கு வந்தவரிடம் "நாம சாப்பிடலாம்" என்றால் அவருக்கும் ஓர் இலை உண்டு. "நாங்க சாப்பிட்டுட்டோம்" என்றால் அவர் பசியோடு கிளம்ப வேண்டியதுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் தமிழிலும் ஒரு பொந்து இருக்கிறது. இரண்டுக்கும் வினை ஒன்றுதான்: செய்தோம். எழுவாயை விழுங்கிவிட்டால் யார் செய்தது என்று தெரியாது. லாபம் வரும்போது "நாங்க முடிவெடுத்தோம்" என்கிற முதலாளி, நட்டம் வரும்போது "நாம எல்லாரும் விட்டுக்கொடுக்கணும்" என்பதைக் கேட்காத ஊழியர் உண்டா?

1946 பிப்ரவரியில், பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவுக்கு ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி வந்தார். ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து கூடியிருந்த மக்களிடம், மனிதகுலத்தின் நன்மைக்காக, போர்கள் எல்லாம் ஒழிய வேண்டும் என்பதற்காக, தீவைக் கொஞ்ச காலம் விட்டுத்தர முடியுமா என்று கேட்டார். 167 பேர் கிளம்பினார்கள். 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினியில் வெடித்த குண்டின் சாம்பல் ரோங்கலாப் தீவின் மேல் பொடியாகக் கொட்டியது. அந்த மக்களை அங்கிருந்து அகற்ற இரண்டு நாளாயிற்று.

இப்போது கிராஃபோர்ட் ஏரியின் அடுக்கைப் பாருங்கள். அந்தக் காலத்துக் குண்டுகளின் புளூட்டோனியம் அங்கே கிடக்கிறது. அதற்கு வைக்கப் பார்த்த பெயர் 'மனிதர்'. பிகினிக்காரர்களிடம் தீவை வாங்கும்போதும் மனிதகுலம், பழியைப் பதியும்போதும் மனிதகுலம். முதல் தடவை மனிதகுலத்துக்காகக் கொடுத்தவர்கள், இரண்டாம் தடவை மனிதகுலத்தோடு சேர்ந்து குற்றவாளிகள். கேட்டவர் 'நாங்கள்' என்று சொல்ல வேண்டிய இரண்டு இடத்திலும் 'நாம்' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெயர்தான் மழுப்புகிறது, வேதியியல் மழுப்புவதில்லை. புளூட்டோனியம் 240க்கும் 239க்கும் இடையிலான விகிதத்தை அளந்தால் அது எங்கே வெடித்த குண்டு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மார்ஷல் தீவுகளில் வெடித்த பெருங்குண்டுகளின் சாம்பலில் அந்த விகிதம் உலகச் சராசரியை விட அதிகம். ஈயமும் அப்படித்தான். எந்தத் தாதுவிலிருந்து வந்தது என்பதை அதன் ஐசோடோப்புகள் காட்டிக்கொடுக்கும். 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன், தன் ஆய்வகத்தில் எங்கு பார்த்தாலும் ஈயம் வந்து கணக்கைக் கெடுப்பதைக் கண்டார். பிறகு அது எங்கிருந்து வருகிறது என்று தேடினார். மனிதகுலம் தன்னைத்தானே நஞ்சூட்டிக்கொள்கிறது என்று பெருமூச்சு விட்டு அவர் நிறுத்தவில்லை. பெட்ரோலில் கலக்கும் ஈயம், பற்றவைப்பு, சாயம் என்று ஒவ்வொன்றாகச் சுட்டினார். சுட்டியதால்தான் அதை நிறுத்தவும் முடிந்தது.

கரியமில வாயுவில்தான் சிக்கல். காற்றில் கலந்திருக்கும் கார்பன் புதைபடிவ எரிபொருளிலிருந்து வந்தது என்பதை ஐசோடோப்புகள் சொல்லும். யார் வீட்டுக் காரிலிருந்து வந்தது என்று சொல்லாது. காற்றில் முகவரி கரைந்துவிடுகிறது. ஆகவே முகவரியைக் கணக்கு நோட்டில்தான் தேட வேண்டும். இதுவரை எரித்த எரிபொருளின் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவின் பங்கு 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வரலாற்றாசிரியர் தீபேஷ் சக்கரவர்த்தி 2009இல் எழுதிய கட்டுரையில், இந்த நெருக்கடியை முதலாளித்துவத்தின் கதையாக மட்டும் சொல்லி முடிக்க முடியாது, மனிதரை ஓர் உயிரினமாகவும் யோசித்தாக வேண்டும் என்றார். இந்தக் கப்பலில் பணக்காரர்களுக்கென்று தனிப் படகு இல்லை என்பது அவர் வாதம். இதை நான் பாதி ஏற்கிறேன். வரப்போகும் வெப்பத்துக்கு 'நாம்' என்ற சொல் பொருந்தும். போன நூற்றாண்டின் புகைக்குப் பொருந்தாது. ஒரே கூரையின் கீழ் எரியப்போகிறோம் என்பதால், தீ வைத்தது எல்லோரும் என்று ஆகிவிடாது.

இது இலக்கணப் பிடிவாதம் இல்லை, காசு பணம் சம்பந்தப்பட்ட விஷயம். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் காலநிலையால் வரும் இழப்புக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. கூடவே நிறைவேற்றிய தீர்மானத்தில், அந்தப் பிரிவைக் காட்டி யாரும் பொறுப்போ நஷ்டஈடோ கோர முடியாது என்றும் எழுதி வைத்தார்கள். 2022இல் இழப்புக்கென்று ஒரு நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். அதாவது பணம் வரலாம், ஆனால் 'நாங்கள் செய்தோம்' என்ற சொல் வராது. கடனைத் திருப்பித் தருகிறவர் தலை குனிந்து தருவார். தர்மம் பண்ணுகிறவர் போட்டோ எடுத்துக்கொள்வார். கொடுக்கிற தொகை ஒன்றாகவே இருந்தாலும், வாங்குகிறவர் எப்படி நிற்கிறார் என்பது மாறிவிடுகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'நாங்கள் இல்லைப்பா, அவர்கள்தான்' என்று ஓர் இந்தியர் கையைத் துடைத்துக்கொள்ள முடியுமா? ஏரியின் அடியில் கிடைத்த அதே வகைச் சாம்பல் எண்ணூரிலும் கிடக்கிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து கழிமுகம் தூர்ந்தது, மீன்பாடு கெட்டது என்று அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் ஏசி போட்டுத் தூங்குகிறவர் அவர்களிடம் போய் "நாம எல்லாரும் சேர்ந்துதானே சுற்றுச்சூழலைக் கெடுத்தோம்" என்று சொன்னால், பிகினியில் இறங்கிய அதிகாரியின் குரல்தான் அதிலும் கேட்கும். 4 விழுக்காடு என்ற கணக்கு வாஷிங்டனைப் பார்த்துப் பேசத்தான். எண்ணூரைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. 'நாங்கள்' என்பது நிலையான ஒரு கூட்டத்தின் பெயர் அல்ல. எதிரே யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அது மாறும்.

அதற்காக 'நாம்' என்ற சொல்லைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை. கடல் ஏறும்போது எல்லோருக்கும் அது தேவைப்படும். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் செய்தவர் 'நாங்கள் செய்தோம்' என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் 'நாம் என்ன செய்யலாம்' என்று கேட்கும் தகுதி அவருக்கு வரும். வரிசை மாறினால் இரண்டாவது கேள்வி காதில் விழாது. ரோங்கலாப்பிலும் விழாது, எண்ணூரிலும் விழாது.

மானுட யுகம் என்ற பெயர் அட்டவணையில் ஏறாதது எனக்கு வருத்தம் இல்லை. அந்த 12 பேர் நான் சொல்லும் காரணத்துக்காக அதை மறுக்கவில்லை என்பது தெரியும். ஆனால் பெயர் எழுதாமல் விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கொதித்துப்போன அந்த நண்பரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: "ஒத்துக்கணும்னு சொல்றீங்க, சரி. யாரு ஒத்துக்கணும்? யார்கிட்ட?"