அரசன் மரமும் உலகப் பொதுப் பணமும்



பஞ்சசீலங்களுள் இரண்டாவதை நாம் பௌர்ணமிதோறும் கூடி ஏற்கின்றோம். பிறர் கொடாத பொருளைக் கொள்ளாதிருத்தலே அச்சீலம். இது கன்னமிடுவோனுக்கும் முடிச்சவிழ்ப்போனுக்கும் மட்டுமே கூறப்பட்டதென எண்ணி அமைதியுறுவோர் பலர். மேசை முன் அமர்ந்து கையொப்பமிடுவோருக்கும், அதிலும் உலகுக்கு நலம் செய்யவென்றே நிறுவப்பட்ட பெருஞ்சபைகளில் ஊழியம் புரிவோருக்கும், இச்சீலம் எங்ஙனம் பொருந்தும் என்பதையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

விநய பிடகம் கூறும் வரலாறு ஒன்றிலிருந்து தொடங்குவோம். இராசகிருக நகரில் குயவர் மகனாகிய தனியர் என்னும் பிக்கு தமக்கொரு குடில் அமைக்க மரம் நாடினார். நகரைச் செப்பனிடவென்று அரசன் சேமித்து வைத்திருந்த மரக்கிடங்குக்குச் சென்று, அதன் காவலனிடம், மரத்தை அரசனே தமக்கு அளித்துவிட்டான் என்றார். துவராடை அணிந்தவர் பொய் கூறார் என்று நம்பிய காவலன் எடுத்துச் செல்ல விட்டான். பின்னர் அமைச்சர் வஸ்ஸகாரர் கிடங்கைப் பார்வையிட வந்தபோது மரம் குறைந்திருந்தது. கட்டுண்டவன் யார்? எடுத்தவர் அல்லர்; நம்பிய காவலனே கட்டுண்டான்.

தனியர் அரசவைக்கு வந்தார். பிம்பிசாரன் முடிசூடிய நாளில், துறவியர் புல்லும் மரமும் நீரும் கொள்ளலாம் என அறிவித்ததை எடுத்துக் காட்டினார். அஃது ஒருவர்க்கும் உரிமையில்லாத காட்டு மரத்தைக் குறித்த சொல் என்றான் வேந்தன். எனினும் துறவுக்கோலத்தை மதித்து அவரைத் தண்டியாது விடுத்தான். ஊரார் சினந்தனர்.

அதுகேட்ட பகவன், அரசன் மன்னித்தமையால் காரியம் முடிந்தது என்று விடவில்லை. முன்னாளில் நீதித்துறை அமைச்சராயிருந்து துறவு பூண்ட பிக்கு ஒருவரை வினவி, நாட்டுச் சட்டம் எத்துணைப் பொருளுக்குத் திருடனைத் தண்டிக்கும் என அறிந்தார். ஐந்து மாசகம் என்பது விடை. அந்த அளவையே சங்கத்துக்கும் வரம்பாக வைத்தார். அவ்வளவு களவாடிய பிக்கு பிக்குவே அல்லன் என விதித்தார். நாட்டின் தண்டம் தீண்டத் தயங்கும் இடத்தில், சங்கமே தனக்கு வேலியிட்டுக் கொண்டது.

இதனை மனத்தில் இருத்தி, அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை நோக்குவோம். 1990-ஆம் ஆண்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியதால், ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை அந்நாட்டின்மீது வணிகத் தடை விதித்தது. ஆள்வோன் செய்த பிழைக்குக் குடிகள் பசியாலும் பிணியாலும் வாடினர். அவர் துயர் தீர்க்க 1995 ஏப்ரலில் ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. ஈராக் எண்ணெய் விற்கலாம். கிடைக்கும் பணம் ஐக்கிய நாடுகள் சபையின் கண்காணிப்பிலுள்ள தனிக் கணக்கில் சேரும். அதிலிருந்து உணவும் மருந்தும் வாங்கப்படும். 1996 திசம்பரில் தொடங்கி 2003 நவம்பரில் முடிந்த இத்திட்டத்தில் 6,400 கோடி டாலருக்கு மேற்பட்ட எண்ணெய் விற்பனையாயிற்று.

இதில் களவு எவ்வாறு புகுந்தது? பொருள் விற்க வந்த நிறுவனங்களிடம் ஈராக் அரசு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து வீதம் மறைவாகக் கேட்டது. அதற்கு உள்நாட்டுப் போக்குவரத்துக் கட்டணம் என்றும், விற்பனைக்குப் பிந்திய சேவைக் கட்டணம் என்றும் பெயரிட்டனர். நிறுவனங்கள் விலையை அவ்வளவுக்கு ஏற்றிப் பட்டியல் எழுதின. பொதுக் கணக்கு அவ்விலையைச் செலுத்த, மிகுதி ஆள்வோரிடம் திரும்பிற்று. ஒவ்வொரு தாளும் சட்டப்படி அமைந்ததுபோலவே தோன்றிற்று. தனியர் காட்டிய முடிசூட்டுச் சொல்லும் மெய்யான சொல்தானே! சொல் மெய்; அதைக் கொண்டு எடுத்தது கொடாத பொருள்.

2004-இல் பால் வோல்க்கர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2005 அக்டோபரில் இறுதி அறிக்கை தந்தது. 2,200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இம்முறைகேட்டில் தொடர்புற்றன என்றும், ஈராக் அரசு பெற்ற முறையற்ற வருவாய் 180 கோடி டாலர் என்றும் கண்டது. நம் இந்திய நாட்டு நிறுவனங்களும் அப்பட்டியலில் இருந்தன. கைக்கூலிச் செய்தி முன்னரே எட்டியும் உரியோர் உரியது செய்யவில்லை என்பது அக்குழு கூறிய குறைகளுள் ஒன்று. இழந்தவர் யார்? மருந்துக்குக் காத்திருந்த பிணியாளரே. காவலன் கட்டுண்டதுபோல், இங்கும் குற்றமற்றவரே துன்புற்றனர்.

அச்சபையின் கொள்முதல் பிரிவிலும் கறை காணப்பட்டது. 2005 ஆகஸ்டில் ஓர் அலுவலர் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2007-இல் மற்றோர் அலுவலர், நம் நாட்டவர், ஒப்பந்தங்களை வேண்டியவர் பக்கம் திருப்பி, அதற்கு ஈடாக மன்ஹாட்டனில் சந்தை விலைக்குக் குறைத்து வீடு பெற்றார் எனத் தீர்ப்பாயிற்று. 1945-இல் எழுதிய சாசனத்திலேயே ஊழியருக்கு மிக உயர்ந்த நேர்மை வேண்டும் என்று விதித்துள்ளனர். விதி இல்லாமையால் இக்குற்றங்கள் நிகழவில்லை என்பது இதனால் தெளிவு.

மேலும், 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, அச்சபையின் ஊழியர் தம் அலுவலைப் பற்றிச் செய்தவற்றுக்காக நாட்டு நீதிமன்றங்களில் வழக்குக்கு உள்ளாகார். பொதுச் செயலாளர் அவ்விலக்கை நீக்கினாலன்றி நீதிமன்றம் தொட இயலாது. பல நாட்டு அரசுகளின் நெருக்குதலுக்கு அஞ்சாமல் பணி செய்யவே இக்காப்பு அளிக்கப்பட்டது. துவராடைக்கு அரசன் தந்த மதிப்பும் இத்தகையதே. காப்புப் பெற்றவன் தன்னைத் தானே இருமடங்கு காக்கக் கடமைப்பட்டவன்.

எவ்வாறு காப்பது? சங்கத்தின் பழைய ஒழுங்குகளில் இரண்டைச் சொல்வோம்.

முதலாவது, பண்டகசாலைப் பொறுப்பாளரைத் தெரிந்தெடுத்தல். விருப்பு, வெறுப்பு, அச்சம், மயக்கம் ஆகிய நான்கு தீநெறிகளிலும் செல்லாதவராகவும், காக்கப்பட்டது எது, காக்கப்படாதது எது என்று அறிபவராகவும் இருப்பவரையே சங்கம் அப்பணிக்கு அமர்த்தும். நண்பன் என்று ஒப்பந்தம் தருவது விருப்பு. மேலதிகாரியின் முகத்துக்கு அஞ்சிக் கையொப்பமிடுவது அச்சம். கணக்குப் படிக்கத் தெரியாமல் தலையசைப்பது மயக்கம். திருடாதவனும் இவற்றால் திருட்டுக்குத் துணையாவான்.

இரண்டாவது, பவாரணை. மழைக்கால வாசம் முடிந்ததும் பிக்குகள் ஒன்றுகூடி, தம்மிடம் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஆகிய குற்றத்தை இரக்கத்தோடு எடுத்துரைக்குமாறு ஒருவரையொருவர் வேண்டுவர். இதில் முதலில் வேண்டுபவர் யார்? இளையவர் அல்லர், மூத்த தேரரே! அதன் பின்னரே மற்றவர் வரிசையாக வேண்டுவர்.

அன்பர்களே, இதுவே நாம் சொல்ல வந்த செய்தி. நாம் நூற்பாலையில் உழைத்த ஆண்டுகளில் இதன் உண்மையைக் கண்ணாரக் கண்டோம். இழை அறுந்த கணமே பிணைத்தால் கழிவு ஒரு சிட்டிகை. மறைத்தால் கூடை நிறையும். அறுந்தது என்று சொன்னவனை ஏசும் மேஸ்திரியின் கீழ் எல்லாரும் மறைத்தனர். எங்கே அறுந்தது என்று தாமே கேட்டுவரும் மேஸ்திரியின் கீழ் எல்லாரும் சொன்னார்கள். தொழிலாளரின் குணம் இரண்டிடத்தும் ஒன்றே. வேறுபட்டது கேட்பவரின் உள்ளம்.

ஐக்கிய நாடுகள் சபையும் பட்டறிந்த பின் இவ்வழியில் அடியெடுத்து வைத்தது. குற்றத்தை வெளிப்படுத்துவோரைப் பழிவாங்கலினின்று காக்கும் விதியை 2005 திசம்பரில் வெளியிட்டது. 2006 சனவரியில் ஒழுக்கநெறி அலுவலகம் தொடங்கிற்று. இவை போற்றத்தக்கன. ஆயினும் குற்றம் சொன்னவன் வேலை இழக்க, கேட்டவன் பதவி உயர்வானேல், விதி வெறுந்தாளே. தலைமையிடத்தில் இருப்பவர் முதலில் தம் குற்றத்தைக் கேட்க முன்வந்தால்தான் கடைசி இருக்கையில் உள்ள எழுத்தன் வாய் திறப்பான்.

சொல்வோனுக்கும் கடமை உண்டு. தக்க காலத்தில், மெய்யானதை, மென்மையாக, பயன் கருதி, நல்லெண்ணத்தோடு சொல்க. பகை தீர்க்க ஒருவன்மேல் பழி கட்டுவதும் அவனது நற்பெயரைக் களவாடுவதே.

உலகச் சபை தொலைவில் உள்ளதென இருந்துவிடாதீர். உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலும், தொழிற்சங்கத்திலும், நம் விகாரையின் உண்டியலிலும் பொதுப் பணமே உள்ளது. அதன் பொறுப்பில் உள்ளவர் எவராயினும் அடுத்த பௌர்ணமியன்று கணக்கேட்டைச் சபை நடுவே விரித்து வைத்து, இதில் ஐயமுள்ளதைக் கேளுங்கள் என்று தாமே முதலில் வேண்டுவாராக. இரண்டாவது சீலத்தை வாயால் ஏற்ற நாம் அதனைக் கையாலும் காப்பது அன்றே தொடங்கும்.