வள்ளின்னு பேர் வைக்க ஏன் கூச்சம்?



அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து 18 நாள் ஆகுது. பேர் தேடுற வேலை தாய்மாமன் என் தலையில். எக்செல் ஷீட் போட்டு 40 பேர் சேர்த்திருந்தேன். அப்பா பார்த்துட்டு, "வள்ளின்னு வையேன்டா, அப்பத்தா பேரு" என்றார். "ரொம்பப் பழசுப்பா"ன்னு சொல்லி, அவர் சேர்த்த வரியை நானே டெலீட் பண்ணினேன்.

அன்னைக்குச் சாயங்காலம் கோயில்ல அர்ச்சகர் "வள்ளி தேவசேனா சமேத" என்று ஆரம்பிச்சதும் சுருக்குன்னுச்சு. கன்னத்துல போட்டுக்கிற பேரு, வீட்டுக் குழந்தைக்கு ஆகாதா?

பழசுங்கிறது சும்மா சாக்கு. என் லிஸ்ட்ல முதல் பேரே யாழினி. யாழ் என்ன நேத்து வந்த வாத்தியமா? தெய்வானை பழசு, ஆனா அதே பேரோட வடமொழி வடிவமான தேவசேனா, 2017-ல் பாகுபலி இரண்டாம் பாகம் வந்த பிறகு கெத்து. 2021-ல் புஷ்பா வந்ததும் ஸ்ரீவள்ளியும் ஓகே ஆயிடுச்சு. முன்னாடி ஒரு 'ஸ்ரீ' இருந்தா போதும் போல.

உண்மையைச் சொல்லணும்னா, வள்ளின்னதும் என் மனசுல வந்தது சினிமாவுல காட்டுற கிராமத்துப் பொண்ணு, வயல்ல வேலை செய்றவங்க. அந்தப் பேர்ல இருந்த மண் வாசனைதான் எனக்கு இடிச்சது. ஆனா அந்தப் பேரே மண்ணுலதான் பிறந்தது. வள்ளின்னா கொடி. வள்ளிக்கிழங்கு தோண்டின குழியில கிடைச்ச குழந்தைங்கிறதால, வேடர் தலைவன் நம்பிராஜன் வீட்ல வச்ச பேர் அது. தினைப்புனத்துல பரண் மேல நின்னு கிளி விரட்டின பொண்ணு. நற்றிணையிலேயே முருகனோட சேர்த்து அவ பேர் வருது.

கந்தபுராணத்துல வள்ளியம்மை திருமணப் படலத்தைக் கவனிச்சுப் பாருங்க. அவளுக்காக முருகன் வேடனா வர்றான், வேங்கை மரமா நிக்கிறான், கிழவனா வந்து தினைமாவு கேக்குறான். மாறினதெல்லாம் அவன்தான். அவளை ஒரு நல்ல பேரா மாத்திக்கோன்னு சொல்லவே இல்ல. தேவலோகத்துப் பொண்ணு பக்கத்துல, குழியில கிடைச்ச பேரோடயே நிக்கிறா.

தில்லையாடி வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்ல. சத்தியாகிரகத்துல சிறைக்குப் போய், 1914-ல் 16 வயசுல உயிரை விட்டவங்க. கடல் தாண்டிப் போன குடும்பம்கூட அந்தப் பேரை எடுத்துட்டுத்தான் போயிருக்கு. நான் சொந்த ஊர்ல இருந்துக்கிட்டு டெலீட் பண்றேன்.

இதையெல்லாம் அக்காகிட்ட சொன்னேன். அவ ஒரே கேள்வி கேட்டா: "பக்தி உனக்கு. ஸ்கூல்ல கிண்டல் பண்ணா தாங்கப் போறது அவதானே?" நியாயமான கேள்வி. நம்ம பக்தியை நிரூபிக்க இன்னொருத்தர் ஆயுசு முழுக்க ஒரு பேரைச் சுமக்கணுமா? எனக்குச் சட்டுன்னு பதில் வரல. அப்புறம்தான் தோணுச்சு, கிண்டல் பண்ற முதல் ஆள் நானாத்தானே இருந்தேன்? அதையும் அவகிட்ட ஒத்துக்கிட்டேன். அவ சிரிச்சா, சரின்னு சொல்லல.

அம்மா பக்கம் இன்னொரு சிக்கல். மாமியார் பேரைச் சொல்லி அதட்ட வாய் வராதாம். வள்ளின்னு வச்சாலும் அவங்க பாப்பான்னுதான் கூப்பிடுவாங்களாம்.

அழிச்ச வரியைத் திரும்ப ஷீட்ல சேர்த்துட்டேன். தொட்டில் அடுத்த வெள்ளிக்கிழமை. பேரை அக்காதான் முடிவு பண்ணணும்.