ஈரவாடை மாறாத ஏடு

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்மலையை விட்டு இறங்கும் கள்ளழகர், மதுரைக்கு வந்து திரும்பும்வரை ஒரே கோலத்தில் இருப்பதில்லை. கள்ளர் திருக்கோலத்தில் புறப்படுகிறார். தங்கக் குதிரையில் வைகைக்குள் இறங்குகிறார். வண்டியூரில் சேஷ வாகனம், தேனூர் மண்டபத்தில் கருட வாகனம், இராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், மலைக்குத் திரும்பும்போது பூப்பல்லக்கு. மலையில் மூலவர் பரமசுவாமியோ அசையாமல் நிற்கிறார். இத்தனை கோலங்களில் எது உண்மையான அழகர் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் அதே அழகரைப் பாடிய பாசுரங்களைக் கணினியில் ஏற்றிப் புத்தகமாக்க முனைகிறவர் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. பாசுரம் என்பது தரவுத்தளத்தில் கிடக்கும் பதிவா, அதிலிருந்து எடுத்து அச்சிட்ட பக்கமா? தரவிலிருந்து ஏடு உருவாக்கும் மென்பொருள்களை ஒப்பிடுகிறவர்கள் விலை, வேகம், பழகும் எளிமை என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலுக்கு அடியில் இருப்பது மூலத்துக்கும் உருவத்துக்கும் என்ன உறவு என்ற பழைய கேள்விதான். அதற்கு விடை சொல்லாமல் கருவியைத் தேர்ந்தெடுத்தால், விடையையும் கருவியே நமக்காகத் தேர்ந்தெடுத்துவிடும்.

அழகர்மலையான திருமாலிருஞ்சோலையைப் பெரியாழ்வார், ஆண்டாள், திருமங்கையாழ்வார், நம்மாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் என ஆறு பேர் பாடியிருக்கிறார்கள். அந்தப் பாசுரங்களைத் தரவுத்தளத்தில் வைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு பதிவு. அதில் ஆழ்வார், பிரபந்தம், எண், தலம், மூலம், பதவுரை, பாடபேதம் என்று தனித்தனிக் கட்டங்கள். நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அழகருக்கு நேர்ந்துகொண்டு ஆண்டாள் பாடிய பாசுரம், நாலாயிரப் பதிப்பில் நாச்சியார் திருமொழிக்குள் தன் வரிசையில் நிற்க வேண்டும். தலநூலில் அழகர்மலையின் கீழ் வர வேண்டும். அந்த நேர்த்திக்கடனை இராமானுசர் தீர்த்தார் என்ற குருபரம்பரைச் செய்தியோடு ஒரு விளக்கநூலிலும் இடம்பெற வேண்டும். ஒரே பதிவு, மூன்று ஏடுகள். இதில் எண்ணே ஒரு சிக்கல். சிறிய திருமடலையும் பெரிய திருமடலையும் எத்தனை பாட்டாகக் கொள்வது, இராமானுச நூற்றந்தாதியின் 108 பாட்டையும் சேர்த்துத்தான் நாலாயிரமா என்பவற்றில் மரபுக்குள்ளேயே கணக்கு வேறுபடுகிறது. பாட்டோடு எண்ணையும் சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டால், ஒரு கணக்கைப் பின்பற்றும் பதிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற உட்கார்ந்து கையால் திருத்த வேண்டியதுதான்.

இந்த வேலைக்கு வரும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு வகைப்பட்டவை. வேர்டின் மெயில் மெர்ஜும் இன்டிசைனும் பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. முதலில் பக்கத்தை வடிவமைக்கிறோம். பிறகு அதிலுள்ள காலி இடங்களில் தரவு வந்து விழுகிறது. ஆயிரம் உபயதாரர்களுக்கு அழைப்பிதழ் அனுப்ப இதைவிட எளிய வழி கிடையாது. கண்ணுக்குத் தெரிவதைத் தெரிந்த இடத்திலேயே திருத்தலாம் என்பதால் அச்சகத்தாருக்கும் இதுவே கைவந்தது. இன்னொரு வகை, பொருளிலிருந்து தொடங்குகிறது. எக்ஸ்எம்எல்லில் இது பாசுரம், இது பாடபேதம், இது பதவுரை என்று குறித்து வைத்துவிட்டு, எக்ஸ்எஸ்எல்டி விதிகளால் வலைப்பக்கமாகவோ அச்சுப்பக்கமாகவோ மாற்றுவது. பழம் நூல்களுக்கு இப்படிக் குறியிடுவதற்கென்றே 1987 முதல் டிஇஐ என்ற பன்னாட்டு நெறி வளர்ந்து வருகிறது. டொனால்ட் நூத் 1978இல் வெளியிட்ட டெக், அதன் வழியில் வந்து யூனிகோட் எழுத்துகளை நேரடியாக ஏற்கும் ஸீடெக், ஒரு மூலத்தைப் பல வடிவங்களுக்கு மாற்றும் பாண்டாக் ஆகியவையும் இந்தப் பக்கம்தான் சேரும். இவற்றில் விதியை ஒருமுறை எழுதினால் போதும், நூறு பதிப்பு வரும். ஆனால் விதி எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு வரி சற்று இறங்கி நிற்பதைச் சரிசெய்ய அரைநாள் போகும்.

இரண்டாம் வகையை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று: தரவே மெய், வடிவம் வெறும் உடுப்பு. இதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற கொம்போடு அச்சாயின. இன்று யூனிகோடில் சேமித்த ஒரு ணையைப் பழைய எழுத்துரு கொடுத்தால் பழைய உருவிலும், புதிய எழுத்துரு கொடுத்தால் புதிய உருவிலும் காணலாம். சேமித்த குறி மாறுவதே இல்லை. ஆனால் இன்னும் நெருங்கிப் பார்த்தால் இந்த வாதம் ஆட்டம் காண்கிறது. கொ என்ற எழுத்தை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம். ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் இணக்கிவைக்காத மென்பொருளில் தேடினால் பாதிப் பாசுரங்கள் கிடைக்காமல் போகும். ஔகாரத்தை ஒரே எழுத்தாக அடிப்பவரும் உண்டு, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்பவரும் உண்டு. அச்சில் வித்தியாசம் தெரியாது, தரவில் அவை வேறு வேறு சொற்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை யூனிகோடுக்கு மாறும் முன் டிஸ்கி குறியீட்டில் வெளியிட்டது. அந்தக் குறியீடு ஒற்றைக்கொம்பை, எழுதுகிற வரிசைப்படி, மெய்க்கு முன்னால் வைத்தது. யூனிகோட் மெய்க்குப் பின்னால் வைக்கிறது. நூல்களை மாற்ற வேண்டியிருந்தது என்பதே ஒன்றைக் காட்டுகிறது: தரவுக்கும் ஒரு திருமேனி உண்டு. உருவமே இல்லாத மூலம் கணினியிலும் இல்லை.

அப்படியானால் பக்கம் என்ன ஆகிறது? வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணம் என்ற தம் நூலில் இறைவனின் ஐந்து நிலைகளைத் தாகத்தையும் தண்ணீரையும் வைத்து விளக்குகிறார். உள்ளுறையும் அந்தர்யாமி நிலத்தடி நீர், பரம்பொருள் நிலை அண்டத்துக்கு அப்பாலுள்ள நீர், வியூகம் பாற்கடல், அவதாரங்கள் பெருகி ஓடிய ஆறு, கோயிலில் எழுந்தருளியிருக்கும் அர்ச்சை, அந்த ஆறு வற்றியபின் தேங்கி நிற்கும் மடு. தாகம் எடுத்தவனுக்கு எட்டுவது மடுதான். கோடையில் வைகை மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரவுத்தளம் நிலத்தடி நீர் போன்றது: எங்கும் உண்டு, கருவியில்லாதவனுக்கு எட்டாது. கோயில் வாசலில் பாசுரம் சேவிக்கும் முதியவருக்குக் கையில் பிடிக்கும் அளவில், கண்ணாடியில்லாமல் படிக்கும் எழுத்தில் அச்சான சிறுநூலே மடு. ஆகவே ஏட்டைத் தரவின் நிழல் என்று ஒதுக்குவது தவறு. ஏட்டில் சந்தி பிரிக்கும் இடம் பிசகி, கொம்பு இடம் மாறி அச்சானால், உள்ளே எவ்வளவு சுத்தமான தரவு இருந்தாலும் வாசகனுக்குக் கிடைத்தது கலங்கிய நீர்தான். முதல் வகைக் கருவிகளை ஆதரிப்பவர்கள் பக்கத்தின் மீது காட்டும் அக்கறை, இந்த அளவுக்கு, முழுக்க நியாயம்.

இங்கே மூன்று மறுப்புகள் வரக்கூடும். பிரதிஷ்டை செய்து வழிபடும் அர்ச்சையை அச்சுக்காகிதத்தோடு ஒப்பிடுவது அபசாரம் என்பது ஒன்று. இரண்டையும் சமமாக்கினால் அபசாரம்தான். மூலமும் உருவமும் பற்றி இந்த மண்ணில் யோசித்தவர்களின் வழிமுறையை மட்டுமே இங்கே கடன் வாங்குகிறோம். பிரதிஷ்டையின் இடத்தை மென்பொருளுக்குக் கொடுக்கவில்லை. பாசுரத்தின் மூலம் ஏடும் அல்ல, தரவும் அல்ல, ஓதும் குரலே என்பது இரண்டாவது மறுப்பு. பாசுரங்களைத் தொகுத்த நாதமுனிகள் முதலில் பத்துப் பாட்டை வாய்வழியாகக் கேட்டல்லவா மற்றவற்றைத் தேடிப் போனார்? இது மிக வலுவான மறுப்பு, ஏற்க வேண்டியதும்கூட. அதனாலேயே ஓதுவதில் உள்ள வேறுபாடுகளை ஒரே சரியான வடிவம் என்ற பெயரில் துடைத்துவிடாமல், பாடபேதத்துக்குத் தனிக்கட்டம் வைக்க இடம்தரும் கருவி மேலானது ஆகிறது. பதினாறு பக்கச் சிறுநூலுக்கு இவ்வளவு யோசனை எதற்கு, வேர்டில் அடித்து அனுப்பிவிடலாமே என்பது மூன்றாவது. ஒருமுறை மட்டும் அச்சிடுவதானால் சரி. கஷ்டம் இரண்டாம் பதிப்பில் தொடங்குகிறது. முதல் பதிப்பின் பிழைகளை அச்சகத்தார் பக்கத்தில் திருத்தியிருப்பார். அந்தத் திருத்தம் மூலத்துக்கு வந்திருக்காது. அடுத்தமுறை தரவிலிருந்து எடுத்தால் அதே பிழை மறுபடி அச்சாகும்.

பிள்ளை லோகாசாரியரின் வாழ்வே இதற்கு வழி காட்டுகிறது. 1323 படையெடுப்பின்போது திருவரங்கத்து உற்சவரை எடுத்துக்கொண்டு தெற்கே வந்தவர், ஆனைமலையை அடுத்த கொடிக்குளம் என்று இன்று அடையாளம் காட்டப்படும் ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். உற்சவர் பின்பு அழகர்கோவிலில் தங்கிப் பல நாடு சுற்றி, 1371இல் திரும்பினார். அதற்குள் அரங்கத்தில் வேறொரு திருமேனியை எழுந்தருளச் செய்திருந்தார்கள். எது பழையது என்று சொல்ல எவராலும் முடியாத நிலையில், பெருமாளின் ஆடைகளைத் துவைத்துவந்த பார்வையற்ற முதிய சலவைத் தொழிலாளி ஒருவர், திருமஞ்சன ஆடை பிழிந்த ஈரவாடைத் தீர்த்தத்தைச் சுவைத்து, இவரே நம்பெருமாள் என்றார் என்பது மரபு. அந்தப் பெயர் நிலைத்தது. இடையில் வந்தவரையும் தள்ளிவிடவில்லை; திருவரங்க மாளிகையார் என்று இன்றும் அங்கேயே இருக்கிறார். மூலத்தை அடையாளம் காட்டியது உடுத்திய துணியில் தங்கியிருந்த ஈரம். நல்ல ஏடும் அப்படித்தான் இருக்க வேண்டும்: எந்தப் பதிவிலிருந்து, எந்தத் தேதியின் தரவிலிருந்து வந்தது என்பது அதிலேயே தங்கியிருக்க வேண்டும்; பழைய பதிப்பும் தன் பெயரோடு பிழைத்திருக்க வேண்டும்.

எனவே கருவிகளை ஒப்பிடும்போது இரண்டு கேள்வி போதும். அதில் உருவாகும் பக்கம் வாசகனின் தாகத்தைத் தீர்க்கிறதா? அந்தப் பக்கத்தில் செய்த திருத்தம் மூலத்துக்குத் திரும்புகிறதா? முதல் கேள்வியில் பக்கத்திலிருந்து தொடங்கும் கருவிகள் பெரும்பாலும் தேறுகின்றன, இரண்டாவதில் தோற்கின்றன. பொருளிலிருந்து தொடங்குபவை இரண்டாவதில் தேறி, முதலாவதில் கூடுதல் உழைப்பைக் கேட்கின்றன. பக்க அழகை உழைத்துப் பின்னால் கொண்டுவரலாம். தொலைந்த திருத்தங்களைப் பின்னால் தேடிப் பிடிக்க முடியாது. நாளைக்கும் நிற்க வேண்டிய நூலுக்குப் பொருளிலிருந்து தொடங்கும் கருவியே சரி. மலையை விட்டு இறங்கும்போது பதினெட்டாம்படிக் கருப்பன் முன் அழகரின் நகைப் பட்டியலைப் படித்து, திரும்பி வந்ததும் அதே இடத்தில் சரிபார்ப்பது வழக்கம் என்பார்கள். பாசுரத்தை அச்சுக்கு அனுப்புகிறவர்களும் அந்தக் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.