தகரப் படகும் பொன்தேரும்

ஏமாற்றும் என்று நமக்குத் தெரிந்த பொம்மையைக் குழந்தை கேட்கிறது. வாங்கித் தரலாமா?

திருவிழாக் கடைத் தகரப் படகை எடுத்துக்கொள்வோம். உள்ளே திரி எரியும். தகட்டுக்கடியில் தண்ணீர் ஆவியாகிக் குழாய்வழி வெளியே தள்ள, படகு படபடத்து ஓடும். அட்டைப் பெட்டியில் கடல் வரைந்திருக்கும். வீட்டிலிருப்பது பேஸின். இரண்டு சுற்று, பிறகு திரி அணைந்துவிடும். என் மகள் கேட்டபோதே இது எனக்குத் தெரியும். ஆனால் என் அனுபவத்தின் முடிவைத்தான் அவளுக்குச் சொல்ல முடியும். அனுபவத்தைத் தர முடியாது. மறுப்பதால் மாயை கலைவதுமில்லை. வாங்கித் தராத பொம்மை உடைவதே இல்லை.

காசில்லாமல் மறுப்பது வேறு. அதற்கு நியாயம் தேட வேண்டியதில்லை. காசை வைத்துக்கொண்டு விவேகத்தின் பேரால் மறுப்பதைத்தான் சொல்கிறேன்.

பொம்மைகள் பற்றி 1853இல் எழுதிய போதலேர், குழந்தை பொம்மையை உடைப்பதை அதன் ஆன்மாவைப் பார்க்கும் ஆசையாகக் கண்டார். அது அகப்படாதபோது துயரம் தொடங்குகிறது என்றார். தொடங்கட்டும் என்றே தோன்றுகிறது.

மிருச்சகடிகத்தில் ரோகசேனன், மண்தேர் வேண்டாம், பொன்தேர்தான் வேண்டும் என்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி மண்தேரை நிரப்புகிறாள். இரக்கம்தான். அந்த நகைகளே பின்னால் சாருதத்தனுக்கு எதிரான சாட்சியாகின்றன. ஏமாற்றத்தை உடனே இட்டு நிரப்புவதும் மறுப்பதைப் போன்ற அவசரமே. இரண்டிலும் நம்மால் பொறுக்க முடியாதது குழந்தையின் துயரம்.

ஆகவே வாங்கித் தரலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். படகு நின்றதும் ‘அப்பவே சொன்னேனே’ என்று சொல்லக் கூடாது; வேறு வாங்கித் தருவதாகத் தேற்றவும் கூடாது. அணைந்த திரியை அவள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிஷங்களில் நமக்குப் பங்கில்லை.