சரவணப் பொய்கையும் ஒரு குழித்தட்டும்

 வேலும் மயிலும் துணை.

நம்ம குரூப்ல அடிக்கடி வர்ற ஒரு கேள்வி: "ஊர்ல இருந்தப்போ செவ்வாய் தவறாம கோயிலுக்குப் போவேன், தினமும் கவசம் படிப்பேன். வேலைக்குன்னு வெளியூர் வந்த ரெண்டு மாசத்துல எல்லாம் போச்சு. முருகன் என்னை விட்டுட்டாரா?" இதுக்கு இன்னைக்கு தக்காளி நாத்தை வெச்சு பேசலாம்னு நினைக்கிறேன். சிரிக்காதீங்க, கடைசிவரை படிங்க.

வெண்டை, கீரை, முள்ளங்கி விதையை நேரா மண்ணுல போட்டுடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அது சரிப்படாது. விதை ரொம்பச் சின்னது. ஐப்பசி மழை ஒரு அடி அடிச்சா அடிச்சுக்கிட்டுப் போயிடும், தப்பினதை எறும்பு தூக்கிட்டுப் போயிடும். அதனால வீட்டுக்குள்ளேயே குழித்தட்டுல ஊறவெச்ச தேங்காய் நார்த்தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்துல போட்டு மூடி வைக்கணும். தக்காளி ஒரு வாரத்துக்குள்ள முளைச்சுடும். 25 நாள்ல நடலாம். மிளகாய்க்கு இன்னும் பத்து நாள் கூடவே ஆகும்.

இதை முதல்ல செஞ்சது யாரு? கந்தபுராணத்தை நினைச்சுப் பாருங்க. சிவபெருமானோட நெற்றிக்கண்ல இருந்து வந்த ஆறு பொறி. தேவர்களே சூடு தாங்காம ஓடினாங்க. அவ்வளவு சக்தியும் நேரா போர்க்களத்துக்குப் போகல. வாயுவும் அக்னியும் சுமந்து கங்கையில விட, கங்கை கொண்டுபோய் சரவணப் பொய்கையில சேர்த்தாள். குளிர்ந்த தண்ணி, நாணல் காடு, பால் கொடுக்க கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். அம்மை வந்து ஆறு பிள்ளைகளையும் சேர்த்து அணைச்ச பிறகுதான் கந்தன். சூரபத்மன் எல்லாம் அப்புறம்தான். சூரனை அழிக்கவே வந்த பிள்ளைக்கும் முதல்ல ஒரு பொய்கை தேவைப்பட்டுச்சு.

நாம என்ன பண்றோம்? சஷ்டி விரதம் தொடங்கின முதல் நாளே ஸ்டேட்டஸ். ரெண்டாவது நாள் ஆபீஸ்ல ஒருத்தர் கிண்டல் பண்ணினதும் வாடிப் போயிடறோம். ரெண்டு இலை வர்றவரைக்கும் அதை வெயில்ல காட்டாதீங்கன்னுதான் நான் சொல்வேன். டெஸ்ட் பண்ணாத கோடை யாராவது நேரா புரொடக்‌ஷன்ல போடுவாங்களா?

ஆனா இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது. முளை வெளியே தெரிஞ்ச அன்னைக்கே மூடியை எடுத்துடணும். எடுக்கலைன்னா வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டு, வெளுத்து, சாய்ஞ்சுடும். கோயில் திருவிழாவுல கொடியேத்தத்துக்கு முன்னாடி அங்குரார்ப்பணம்னு பாலிகையில நவதானியம் முளைக்க வைப்பாங்க இல்லையா? நம்ம ஊர் முளைப்பாரியும் இருட்டுல வளர்றதுதான். அந்த வெளிர் மஞ்சள் அம்மனுக்கு அழகு. காய் காய்க்க வேண்டிய நாத்துக்கு அது ஆகாது. பாசத்துல தண்ணியைக் கொட்டினாலும் நாத்தழுகல் வந்து, தண்டு அடியிலேயே மடிஞ்சு விழும்.

அதனால நடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பழக்கணும். முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில், மறுநாள் ரெண்டு மணி நேரம், தண்ணியையும் கொஞ்சம் குறைக்கணும். காத்து அசைக்க அசைக்கத்தான் தண்டு தடிக்கும். பக்தியும் அப்படித்தான். பூஜையறையில விபூதி பூசிக்கிட்டு கண்ணீர் விடுறவர், டீம் மீட்டிங்ல ஜூனியரை எல்லார் முன்னாடியும் கத்துறார்னா, அந்தச் செடி இன்னும் தட்டுலதான் இருக்கு. வெளியே கொண்டு வாங்க. முதல்ல ஒரு மீட்டிங்ல, ஒரு மணி நேரம், சரவணபவனை மனசுல வெச்சுக்கிட்டுக் கோபத்தை அடக்கிப் பாருங்க. மறுநாள் ரெண்டு மணி நேரம்.

இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். நாத்தை எவ்வளவு பக்குவமா பழக்கி, சாயங்கால நேரமா பார்த்து நட்டாலும், மறுநாள் பெரும்பாலும் தலை தொங்கித்தான் நிக்கும். வேர் புது மண்ணைப் பிடிக்கல, அவ்வளவுதான். செத்துப்போச்சுன்னு பிடுங்கிப் பார்க்கிறவங்கதான் அதைக் கொல்றாங்க. தக்காளியில ஒரு விஷயம் உண்டு: தண்டை கொஞ்சம் ஆழமா புதைச்சா, புதைஞ்ச இடத்துலயும் புது வேர் விடும்.

பெங்களூரு பி.ஜி. ரூம்ல இருக்கிற தம்பி, தங்கச்சி, உங்களுக்கு இப்போ நடக்கிறதும் இதேதான். வீட்டுல அம்மா விளக்கேத்தி, அப்பா கூட்டிட்டுப் போன பக்தி தட்டுல வளர்ந்தது. இனி உங்க சொந்த வேர் விடணும். முழுக் கவசம் முடியலையா? ஆறெழுத்தை ஆறு தடவை சொல்லிட்டு லேப்டாப்பைத் திறங்க. போன செவ்வாய் விட்டுப்போச்சா, அதைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். இந்தச் செவ்வாய் சாயங்காலம் பக்கத்துல முருகன் சந்நிதி எங்கே இருக்குன்னு மேப்புல தேடிப் போயிட்டு வாங்க. போயிட்டு வந்ததும் குரூப்ல ஒரு வரி போடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!