யாருடைய துணிச்சல் கணக்கில் வரும்?

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். அரியூர் நாட்டிலிருந்து அப்படி இறங்கி, கீழே ஒரு அரசுக் கல்லூரியில் இளங்கலை வணிகவியல் படிக்க வந்தவன் நான். அதில் தொழில்முனைவு என்று ஒரு பாடம். "ஆளுக்கொரு தொழில் திட்டம் எழுதிட்டு வாங்க" என்றார் ஆசிரியர். எனக்குத் தெரிந்தது மிளகு. மழை மாசத்தில் முன்பணம் கொடுப்பது, அறுப்பு சமயத்தில் பேசி வைத்த விலைக்கே எடுப்பது, விலை ஏறினதும் விற்பது என்று எழுதினேன். லாபம் நன்றாகவே வந்தது. வகுப்பில் எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நம்மகிட்ட மொளகு எடுக்குறவரு பண்றதுதானடா இது. இதுக்கு காலேசுக்கா போவணும்?"

நான் லாபம் என்று எழுதியதைத்தான் எங்கள் வீட்டில் கடன் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இடரை ஏற்பவரே தொழில்முனைவோர் என்கிறது பாடம். சரி. சில்வர் ஓக் மரத்தில் கொடியை ஏற்றிவிட்டு, காய்க்குமா, வாடல் நோய் வருமா, என்ன விலைக்குப் போகும் என்று வருசம் பூரா காத்திருப்பவர் யார்? மரமேறிப் பறிப்பவர் யார்? அவருக்கு 'உற்பத்தியாளர்' என்று பெயர். மிஞ்சிப்போனால் 'பயனாளி'. பணம் போட்டவருக்குத்தான் தொழில்முனைவோர் பட்டம். இருப்பவன் எடுத்தால் துணிச்சல், இல்லாதவன் எடுத்தால் தலையெழுத்தா?

இதே பாடத்தில் காக்கிநாடா பரிசோதனை வருகிறது. 1964-ல் டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்த ஊர் வணிகர்களுக்குச் சாதனை உந்துதல் பயிற்சி கொடுத்தார். முன்னேறும் மனசைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்றார். இருக்கலாம். ஆனால் வந்தவர்கள் ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள். கடை வைக்கவே விடப்படாதவர்களைப் பற்றி அந்தப் பரிசோதனை என்ன சொல்லிவிட முடியும்?

அம்பேத்கர் 1915-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதார முதுகலைப் பட்டம் பெற்றவர். 1917-ல் நாடு திரும்பிய பிறகு பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். அவருக்கா உந்துதல் குறைச்சல்?

நாங்கள் மலையாளிப் பழங்குடிகள். சேரி பட்ட தீண்டாமையும் மலை பட்ட சுரண்டலும் ஒன்று என்று சொல்வது நேர்மை ஆகாது. ஆனால் இரண்டு இடத்திலும், தோற்றவனுடைய மனசுக்குள்ளேயே காரணத்தைத் தேடச் சொல்கிறார்கள்.

அதற்காகப் பாடத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கணக்கு நோட்டு இத்தனை காலமும் அவர்கள் கையிலேயே இருந்தது. அது நம் கைக்கு வரத்தான் வேண்டும். வந்த பிறகு நம் பையனே புது வியாபாரியாகி நம் சனத்தையே நெருக்கினால் அதை விடுதலை என்போமா?

திட்டத்தைத் திருத்தி எழுதினேன். நாலு குடும்பம் சேர்ந்து விற்பது, விற்கிற அன்றைய விலையையே பிரித்துக் கொடுப்பது. என் லாபம் குறைந்தது. குறைந்த தொகை அப்பா வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் போயிருக்கிறது. அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் சேர்த்தேன்.