வெற்று கேசட் வெறுமையானதா?

ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய காலத்தில், பட்டியலை நீட்டுவதற்கு முன்பே ஒரு கேள்வி தீர்ந்திருக்க வேண்டும்: எந்த கேசட்? அறுபதா தொண்ணூறா, சோனியா டிடிகேயா, நார்மலா குரோமா? எதிலும் இன்னும் ஒரு பாட்டுகூட இல்லை. வெறுமைதான் இவற்றின் முழு இயல்பு என்றால், ஒரு வெறுமைக்கும் இன்னொரு வெறுமைக்கும் விலையில் வித்தியாசம் எதற்கு? கடை முகப்பில் எழும் இந்தச் சில்லறைக் கேள்வி, தத்துவத்தின் பழைய வழக்கொன்றைத் தொடுகிறது. மனித மனம் தொடக்கத்தில் எழுதாத வெள்ளைத் தாள் என்று 1690இல் வாதிட்டார் ஜான் லாக். இல்லை, அது ஏற்கெனவே ரேகை ஓடிய பளிங்குக் கல் என்றார் லைப்னிட்ஸ். தம் மறுப்பை நூலாகவே எழுதியும், 1704இல் லாக் இறந்துபோனதால் வெளியிடாமல் வைத்துவிட்டார். அது அச்சேறியது 1765இல். கேசட் லைப்னிட்ஸ் பக்கம்தான் சாட்சி சொல்கிறது என்பது என் கட்சி.

கேசட்டின் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம். அதன்மேல் பூசியிருப்பவை கண்ணுக்குத் தெரியாத ஊசி வடிவக் காந்தத் துகள்கள். நார்மல் என்றால் இரும்பு ஆக்சைடு. குரோம் என்றால் குரோமியம் டை ஆக்சைடோ கோபால்ட் சேர்த்த இரும்பு ஆக்சைடோ. மெட்டல் என்றால் ஆக்சைடாக மாறாத உலோகத் துகளே. பூச்சு ஈரமாக இருக்கும்போதே தொழிற்சாலையில் காந்தப்புலம் காட்டி, ஊசிகளை நாடாவின் நீளவாக்கில் படுக்க வைத்துவிடுகிறார்கள். முதல் பாட்டு வருவதற்கு முன்பே திசை வந்துவிட்டது. அதைவிட வியப்பானது, இவ்வளவு சிறிய துகள் ஒவ்வொன்றும் எப்போதும் காந்தமாகவே இருக்கிறது என்பது. பதிந்ததை அழிக்கும்போதும் துகள்கள் காந்தத்தை இழப்பதில்லை. ஏறக்குறையப் பாதி ஒரு பக்கமும் பாதி எதிர்ப்பக்கமும் திரும்பி, ஒன்றையொன்று தள்ளுபடி செய்துகொள்கின்றன, அவ்வளவுதான். அந்தக் கணக்கு எந்த அங்குலத்திலும் துல்லியமாக நேராவதில்லை. மிச்சம் விழுவதைத்தான் ஒலியைக் கூட்டினால் கேட்கும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலாக அறிகிறோம். மௌனத்தையே மெனக்கெட்டுப் பதிவு செய்து பார்த்தாலும் இரைச்சல் அடங்காது. உறை பிரித்த புது நாடாவைவிட, மைக் இல்லாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தி ஓடவிட்ட நாடா சற்று அதிகமாகவே சீறும். வெறுமை என்று நாம் காசு கொடுத்து வாங்குவது, இன்னும் எந்தத் தரப்பும் எடுக்காத ஒரு நிறைவை.

லாக்கை நன்றாகப் படித்தவர் இங்கே குறுக்கிடுவார்: அவர் மறுத்தது கூடவே பிறக்கும் கருத்துகளைத்தான், திறன்களை அல்ல, துகள் திறன், பாட்டுதான் கருத்து. நியாயமான மறுப்பு. ஆனால் திறனுக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவே சுத்தமான கோடு ஒன்று இருப்பதாக அது நம்பிக்கொள்கிறது. இரைச்சலை எந்தப் பக்கம் சேர்ப்பது? அதை யாரும் பதியவில்லை. பதிந்த எல்லாவற்றிலும் அது கேட்கிறது. எந்த நாடாவானாலும் பாட்டு அதே பாட்டுதானே என்றால், நடுத்தர ஒலியில் ஆம். ஜால்ரா ஓங்கி ஒலிக்கும் இடத்தில் நார்மல் நாடா சீக்கிரமே நிரம்பி மழுங்கிவிடும், மெட்டல் தாக்குப்பிடிக்கும். சைவ சித்தாந்தம் உயிரைச் சார்ந்ததன் வண்ணமாவது என்று சொல்லி, அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் காட்டும் படிகத்தை உவமை காட்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இது லாக்கின் வெள்ளைத் தாள். ஆனால் அதே பொருளைக் கருங்கல்லின் அருகே வைத்தால் கல்லில் நிறம் ஏறாது. ஏற்பதே படிகத்தின் இயல்பு. போதாததற்கு, உயிர் ஒருபோதும் வெறுமையாக இருந்ததில்லை, ஆணவ மலம் அனாதியாகவே அதனுடன் இருக்கிறது என்றும் சித்தாந்திகள் சொன்னார்கள். மலக் கொள்கையை ஏற்காதவரும், தொடக்கத்தில் ஒரு தூய வெறுமையை அவர்கள் வைக்காத எச்சரிக்கையை மதிக்கலாம்.

கனமான மறுப்பு வேறொன்று. பிறவி இயல்பு என்ற பேச்சுக்கு நம் ஊரில் நாற்றமடிக்கும் வரலாறு உண்டு. இன்ன குலத்தில் பிறந்தவனுக்குப் படிப்பு ஏறாது என்றவர்களும் இயல்பைத்தான் சாட்சிக்கு அழைத்தார்கள். மனம் வெள்ளைத் தாள் என்பது பொய்யாகவே இருந்தாலும் நல்ல பொய் என்று ஒருவர் சொன்னால் அவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு நாடாவுக்கும் இயல்பு உண்டு என்பது ஒன்று, அந்த இயல்பை மேலோட்டிலேயே படித்துவிடலாம் என்பது வேறொன்று. பல டெக்குகள் கேசட் ஓட்டின் முதுகிலுள்ள பள்ளங்களைத் தடவிப் பார்த்தே இது குரோம், இது மெட்டல் என்று முடிவு கட்டுகின்றன. உள்ளே சுருண்டிருப்பதை அவை பார்ப்பதே இல்லை. குரோம் ஓட்டுக்குள் நார்மல் நாடா இருந்தால், பதிவுக்கான பயாஸ் மின்னோட்டம் அளவுக்கு மீறிப் போய், கூர்மையான ஒலிகள் மங்கிவிடும். கேட்பவர் நாடா மட்டம் என்பார்; தவறு டெக்கின் அமைப்பில் இருக்கும். 1980களின் உயர்விலை டெக்குகள் சில இதற்கு வழி கண்டிருந்தன: எந்த கேசட்டைப் போட்டாலும் முதலில் ஒரு சோதனை ஒலியைப் பதிந்து, அது எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டு, அதற்கேற்பத் தம் பயாஸை மாற்றிக்கொண்ட பிறகே பதிவுக்குத் தயாராயின.